ஸ்பிட்ஸேயை ஏன் இத்தனை வருஷம் எடுத்தாங்க?

கடைசிபெஞ்ச்
1 மார்ச் 2024, இரவு 10.42

புதன்கிழமை ஹீரன்வேன்ல ஜெர்மனிகிட்ட 0-2. பாரிஸ் ஒலிம்பிக் போச்சு. 2017ல ஐரோப்பிய சாம்பியன், 2019ல உலகக் கோப்பை ஃபைனல் ஆடின நெதர்லாந்து பெண்கள் அணிக்கு இப்ப ஒலிம்பிக்குக்கே வழியில்ல. எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. ஷெரிடா ஸ்பிட்ஸே. 33 வயசு. வேகம் கிடையாது. ரெண்டு பேரை வெட்டி உள்ள போனதா ஒரு காட்சி ஞாபகம் இல்ல. கோல்னு பார்த்தா பெனால்டி, ஃப்ரீ கிக். ஆனா 200 சர்வதேச ஆட்டத்துக்கு மேல ஆகிப்போச்சு. க்ரூனன், வான் டெ டொங்க், ரூர்ட், பெலோவான்னு மிட்ஃபீல்டர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊர்ல இது வெறும் பழக்கதோஷம்தானே?

நடுவட்டம்
1 மார்ச் 2024, இரவு 11.58

பழக்கதோஷம் ஒரு பயிற்சியாளருக்கு இருக்கலாம். வேரா பாவ், ரோஜர் ரெய்னர்ஸ், வான் டெர் லான், வீக்மன், பார்சன்ஸ், யோங்கர். 2006ல இருந்து ஆறு பேர், ஆறு விதமான ஆட்டம். ஆறு பேருக்கும் ஒரே தோஷமா?

டிரிபிளை வைத்து அளக்கிறீங்க. அவருடைய வேலை அது இல்லை. பின்வரிசைக்கு முன்னால் நிற்கிற ஆளுக்கு ரெண்டு பேரை வெட்டிப் போவது வேலையில் சேர்த்தியே இல்லை. வெட்டப் போய்ப் பந்தை இழந்தால் எதிரணிக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் ரெண்டு சென்டர் பேக் மட்டும்தான் மிச்சம். நல்ல ஆறாம் எண் ஆட்டக்காரரின் அடையாளமே, அவர் டிரிபிள் செய்த காட்சி உங்களுக்கு ஞாபகம் இல்லாமல் இருப்பது.

நாளைக்கு விரிவா எழுதறேன்.

நடுவட்டம்
2 மார்ச் 2024, காலை 9.15

முதலில் ஃப்ரீ கிக், கார்னர். நீங்க 'கோல்னு பார்த்தா ஃப்ரீ கிக்' என்று தள்ளிவிட்ட இடத்தில்தான் சரக்கே இருக்கு.

2019 உலகக் கோப்பையில் அவர் கோல் போடவில்லை. கோல் போடக் கொடுத்தது நான்கு. அந்தத் தொடரில் அதுதான் அதிகம். நான்கும் நின்ற பந்து:

கனடாவுக்கு எதிராக ஃப்ரீ கிக், டெக்கர் தலையால்.
ஜப்பானுக்கு எதிராக கார்னர், 17வது நிமிஷம், மார்டென்ஸ் குதிகாலால் தட்டியது.
இத்தாலிக்கு எதிராகக் காலிறுதியில் ரெண்டு ஃப்ரீ கிக். 70வது நிமிஷம் மீடெமா, 80வது நிமிஷம் வான் டெர் க்ராக்ட். ரெண்டும் தலை.

இத்தாலி ஆட்டம் வலென்சியனில், மதியம் 3 மணிக்கு, வெயில் அலை அடித்த வாரத்தில். ரெண்டு அணியும் கால் தேய நடந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி ஆட்டத்தில் ஓடிப்போய்க் கோல் போட யாருக்கும் மூச்சு இருக்காது. நிறுத்திவைத்த பந்துக்கு மூச்சு வேண்டாம், கால் மட்டும் போதும். 2-0. அரையிறுதி.

இப்போ அந்தப் பந்தை எப்படிப் போடறாங்க என்று பாருங்க. அவர் வலதுகாலாள். மைதானத்தின் இடது ஓரத்திலிருந்து வலதுகாலின் உட்பக்கத்தால் அடித்தால் பந்து கோலை நோக்கி உள்ளே வளையும். யாராவது லேசாக உரசினால் போதும், திசை மாறி உள்ளே போகும். யாருமே உரசாவிட்டாலும் நேராகத் தூரக் கம்பத்துப் பக்கம் போகும். உரசுவார்களா மாட்டார்களா என்று கடைசிவரை காத்திருந்தே ஆகவேண்டிய தண்டனை கோல்கீப்பருக்கு. வலது ஓரத்திலிருந்து அதே கால் என்றால் பந்து வெளியே வளையும். கோல்கீப்பரிடமிருந்து விலகிப் போவதால் அவர் வெளியே வந்து பிடிப்பது கஷ்டம். ஆனால் தலையால் முட்டுகிறவர் பந்துக்குத் தன் பலத்தையும் சேர்க்கணும். வெறும் உரசல் போதாது.

விழவேண்டிய இடம் ஒரு பட்டை. கோல் கோட்டிலிருந்து 5.5 மீட்டரில் இருக்கிற சின்னப் பெட்டியின் விளிம்புக்கும் 11 மீட்டரில் இருக்கிற பெனால்டி புள்ளிக்கும் இடையில். அதைவிடக் கிட்டே போட்டால் கோல்கீப்பர் கைக்கு. அதைவிடத் தூரம் போட்டால் முட்டினாலும் வேகம் போதாது. உயரத்திலும் அதே சிக்கல். முதல் தடுப்பாளரின் தலையை ஒரு சாண் தாண்டணும். தாழ்ந்தால் அவரே முட்டி வெளியே தள்ளிவிடுவார், மொத்தமும் வீண். ரொம்ப உயர்ந்தால் பந்து காற்றில் தொங்கும், அந்த நேரத்தில் கோல்கீப்பர் ரெண்டு எட்டு வைத்து வந்து குத்திவிடுவார். ஸ்பிட்ஸேயின் பந்து தட்டையாக, வேகமாக, அந்தப் பட்டையில் விழும். ஒரு தடவை விழுவது பெரிய விஷயமில்லை. பத்துக்கு ஏழு விழணும். அப்போதுதான் முட்டப் போகிறவர் நம்பி ஓடுவார். வராத பந்துக்கு யாரும் முழு வேகத்தில் ஓடமாட்டார்கள்.

(பத்துக்கு ஏழு என்பது கணக்கெடுத்த எண் இல்லை. பேச்சுவழக்கு. அப்புறம் யாரும் இதைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம்.)

கடைசிபெஞ்ச்
2 மார்ச் 2024, காலை 9.40

பத்துக்கு ஏழுக்கு ஆதாரம்? :)

நடுவட்டம்
2 மார்ச் 2024, பகல் 1.05

2017 ஃபைனலை விட்டுட்டேன். ஆகஸ்ட் 6, என்ஸ்கெடே, டென்மார்க். டென்மார்க்கின் நதீம் பெனால்டி 6வது நிமிஷம், நம்ம பக்கம் மீடெமா 10, மார்டென்ஸ் 28, திரும்ப டென்மார்க்கின் ஹார்டர் 33. இடைவேளையில் 2-2. 51வது நிமிஷம் ஸ்பிட்ஸேயின் ஃப்ரீ கிக், தாழ்வாக அடித்தது, 3-2. மீடெமா 89ல் நான்காவது.

தாழ்வாக அடித்தது ஏன் முக்கியம்? பெட்டி விளிம்பருகே ஃப்ரீ கிக் என்றால் சுவர் 9.15 மீட்டரில் நிற்கும். கோலின் உயரம் 2.44 மீட்டர். சுவர் குதிக்கும். அதைத் தாண்டி மேலே போய், கம்பிக்குக் கீழே இறங்கணும். இவ்வளவு கிட்டேயிருந்து அந்த இறக்கத்தைக் கொடுக்கப் பந்துக்கு நேரமே கிடையாது, அதனால்தான் பாதிப் பேர் கேலரிக்கு அடிக்கிறார்கள். கோல்கீப்பரும் மேலே வருவதை எதிர்பார்த்துத் தன் எடையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருப்பார். அந்த நேரத்தில் பந்து கீழே, எதிர்பார்க்காத பக்கம் வந்தால், சாய்ந்த உடம்பைத் திருப்பிக் கொண்டுவர அரை வினாடி வேணும். அந்த அரை வினாடி அவருக்குக் கிடைக்காது. பலத்தால் போட்ட கோல் இல்லை அது. டென்மார்க் கோல்கீப்பர் பீட்டர்சனின் எடை எந்தக் காலில் இருக்கு என்று பார்த்துப் போட்ட கோல்.

அந்தத் தொடரில் அவருக்கு மூன்று கோல். மற்ற ரெண்டும் நீங்க சொன்னபடி பெனால்டிதான்: குரூப்பில் டென்மார்க்குக்கு எதிராக (ராட்டர்டாம், 1-0, ஆட்டத்தின் ஒரே கோல்), பெல்ஜியத்துக்கு எதிராக (டில்பர்க், 2-1). ரெண்டு ஆட்டமும் ஒரு கோல் வித்தியாசம். பெனால்டியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் குரூப்பே வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

நார்வேயில் கிளப் ஆடிக்கொண்டிருந்ததால் தொடர் நடந்த ஜூலை-ஆகஸ்டில் அவர் உடம்பு நல்ல ஓட்டத்தில் இருந்தது என்பதும் ஒரு காரணம். அங்கே லீக் வசந்தத்தில் ஆரம்பித்து இலையுதிர் காலத்தில் முடியும். மற்றவர்கள் மே மாதம் லீக் முடித்து, விடுப்பெடுத்து, திரும்பவும் உடம்பைத் தேற்றி வரணும்.

ஆஃப்சைடு அம்மணி
2 மார்ச் 2024, மாலை 4.20

தவறு. 2017 ஐரோப்பியக் கோப்பையின்போது அவர் நார்வேயில் இல்லை. லில்லெஸ்ட்ரோம் 2014 முதல் 2016 வரை. 2017இல் ட்வென்ட்டே. 2018இல்தான் மறுபடி நார்வே, வோலெரெங்கா. ஃபைனல் நடந்த என்ஸ்கெடே மைதானமே ட்வென்ட்டேயின் மைதானம். தன் கிளப் ஊரில் கேப்டனாக ஃபைனல் ஆடியிருக்கிறார். அதை விட்டுவிட்டு வசந்தம், இலையுதிர் காலம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நடுவட்டம்
2 மார்ச் 2024, மாலை 5.02

அம்மணி, ஒத்துக்கிறேன். அந்தப் பத்தியை அழிக்கவில்லை, தப்பு தப்பாகவே கிடக்கட்டும். லீக் பருவ வாதம் 2019 உலகக் கோப்பைக்குப் பொருந்தும், அப்போ வோலெரெங்கா. 2017க்குப் பொருந்தாது.

கிளப் வரிசையை ஒரே இடத்தில் போட்டுடறேன். ஃபிரீஸ்லாந்து மாகாணத்து ஸ்னேக்கில் பிறந்தவர், 1990 மே 29. 2007இல் நெதர்லாந்தில் பெண்களுக்கான எரெடிவிஸி லீக் ஆறு அணிகளோடு தொடங்கினபோது ஹீரன்வேன். 2012 வரை அங்கே. அப்புறம் ட்வென்ட்டே, நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்தின பெனெலீகில் 2012-13 பட்டம். அந்தக் கூட்டு லீக் மூணு பருவத்தோடு 2015ல் மூடப்பட்டது வேற கதை. 2014 லில்லெஸ்ட்ரோம், மூணு வருஷமும் லீக், மூணு வருஷமும் கோப்பை. 2017 ட்வென்ட்டே. 2018-2020 வோலெரெங்கா, 2020ல் லீக்கும் கோப்பையும். 2021லிருந்து அயாக்ஸ், 2022-23 லீக் பட்டம்.

இதில் ஒரு ருசியான விஷயம்: லில்லெஸ்ட்ரோம் 2014லிருந்து 2019 வரை தொடர்ந்து ஆறு தடவை நார்வே சாம்பியன். அந்த வரிசை ஆரம்பித்தபோது ஸ்பிட்ஸே அந்த அணியில். 2020ல் அந்த வரிசையை உடைத்தது வோலெரெங்கா, அந்தக் கிளப்பின் முதல் லீக் பட்டம். அப்போ ஸ்பிட்ஸே இந்த அணியில். கோயிலைக் கட்டினவரே வந்து பூட்டுப் போட்டது மாதிரி.

புதன்கிழமை தோற்ற மைதானமும் ஹீரன்வேன் மைதானம்தான் என்பதை யாரும் சொல்லலையே என்று பார்த்தேன். அவருடைய முதல் எரெடிவிஸி கிளப்.

கடைசிபெஞ்ச்
2 மார்ச் 2024, இரவு 8.30

சரி, நின்ற பந்து ஒப்புக்கிறேன். ஆனா 90 நிமிஷத்துல நின்ற பந்து எத்தனை வரும்? மீதி நேரம்? கிரிக்கெட்ல ஸ்லாக் ஓவருக்கு மட்டும் ஒருத்தரை வச்சுக்கற மாதிரி இல்லையா?

நடுவட்டம்
3 மார்ச் 2024, காலை 7.50

மீதி நேரத்துக்கு வருவோம். 2017 வரிசை இது: வான் வேனன்டால், வான் லுன்டரன், டெக்கர், வான் டெர் க்ராக்ட், வான் எஸ், க்ரூனன், ஸ்பிட்ஸே, வான் டெ டொங்க், வான் டெ சாண்டன், மீடெமா, மார்டென்ஸ்.

ரெண்டு ஓரத்திலும் ஓடக்கூடியவர்கள். வலப்பக்கம் வான் டெ சாண்டன் நேராகக் கோட்டோடு பறப்பார். இடப்பக்கம் மார்டென்ஸ் பந்தைக் காலில் வாங்கி உள்ளே வெட்டுவார். இந்த ரெண்டு பேருக்கும் பந்து போய்ச் சேரணும், அதுவும் எதிரணி பின்வரிசை அவர்கள் பக்கம் நகர்வதற்குள். வலப்பக்கம் மூணு பாஸ் தட்டி எதிரணியை அந்தப் பக்கம் இழுத்து, நடுவிலிருந்து ஒரே அடியில் 35-40 மீட்டர் குறுக்காக மார்டென்ஸ் காலுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதுதான் ஸ்பிட்ஸேயின் வேலை. ஃப்ரீ கிக் அடிக்கிற அதே கால்தான். நின்ற பந்துக்கு ஒரு திறமை, ஓடும் ஆட்டத்துக்கு வேறொன்று என்று ரெண்டு அவருக்கு இல்லை. ஒரே கருவி, ரெண்டு இடத்தில்.

எங்கே கெடும்? பந்து வரும்போது உடம்பு எப்படி இருக்கு என்பதில். சென்டர் பேக்கை நேருக்கு நேர் பார்த்தபடி வாங்கினால், முதல் தொடுதலில் பந்தை நிறுத்தி, ரெண்டாவதில் திரும்பி, மூன்றாவதில் அடிக்கணும். அதற்குள் ஆள் வந்துடும். பாதி திரும்பின நிலையில், பின்காலால் வாங்கினால் ரெண்டு தொடுதலில் முடியும். அதற்குப் பந்து வருவதற்கு முன்பே ரெண்டு தடவை தோளுக்குப் பின்னால் பார்த்து வைத்திருக்கணும். அவருடைய ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பாருங்க. பந்து டெக்கர் காலில் இருக்கும்போதே இந்தத் தலை இடமும் வலமும் போய் வந்திருக்கும்.

இடைவெளி ரெண்டாவது விஷயம். சென்டர் பேக்குகளுக்கு ரொம்பக் கிட்டே நின்றால் மூணு பேர் ஒரே வேலையைச் செய்வார்கள், முன்னால் நடுக்களம் காலி. ரொம்ப முன்னால் போனால் எதிரணியின் பத்தாம் எண், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் ஆடுகிறவர், அந்தப் பொந்தில் குடியேறிவிடுவார். 10லிருந்து 15 மீட்டர், பந்து இருக்கிற பக்கம் சாய்ந்து. வான் லுன்டரன் மேலே ஏறிப் போனால் வலப்பக்கமாக நகர்ந்து அந்த ஓட்டையை மூடணும். டிவி கேமராவில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த நேரம் பந்து வேற இடத்தில் இருக்கும்.

டெக்கரும் அதுவரை மிட்ஃபீல்டராக ஆடினவர் என்பது கூடுதல் வசதி. சென்டர் பேக்கிலிருந்தே நல்ல பாஸ் வரும்.

நடுவட்டம்
3 மார்ச் 2024, காலை 8.35

மேலே எழுதினதைத் திரும்பப் படித்தேன். 'ஸ்பிட்ஸே தனி ஆளாகக் காவல் காத்தார்' என்கிற தொனி வந்துட்டது. அப்படி இல்லை. பல நேரம் க்ரூனன் அவருக்குப் பக்கத்திலேயே இறங்கி நிற்பார், வான் டெ டொங்க் மீடெமாவுக்குப் பின்னால். ஓடிப்போய்ப் பந்தைப் பிடுங்கும் வேலையில் பெரும்பங்கு க்ரூனனுக்கு. சின்ன வயதில் ஜூடோ ஆடினவர், எதிராளியின் இடுப்புக்குக் கீழே புகுந்து நிலைகுலைய வைப்பது எப்படி என்று தெரிந்தவர். ஸ்பிட்ஸேக்கு வேகம் இல்லை என்ற உங்கள் குற்றச்சாட்டு உண்மை. அதற்கு மருந்து பக்கத்தில் க்ரூனன் இருந்தார். அந்தக் கூட்டணி இல்லாமல் ஸ்பிட்ஸே மட்டும் என்றால் என் வாதம் பாதி பலவீனப்படும்.

ஆஃப்சைடு அம்மணி
3 மார்ச் 2024, பகல் 11.10

அந்தக் கூட்டணி இருந்தும் பலவீனப்பட்ட நாள் ஒன்று உண்டு. 2019 ஜூலை 7, லியோன். அமெரிக்காவுக்கு எதிரான ஃபைனல். 10ஆவது நிமிடத்திலேயே லவெல்லை வீழ்த்தி ஸ்பிட்ஸே மஞ்சள் அட்டை வாங்கினார். மீதி 80 நிமிடம் நடுக்களக் காவலாளி கை கட்டப்பட்ட நிலையில். 61ஆவது நிமிடம் ராப்பினோ பெனால்டி. 69ஆவது நிமிடம் அதே லவெல் நடுவழியாகப் பந்தைக் கொண்டுபோய்க் கோல்.

நடுவட்டம்
3 மார்ச் 2024, பகல் 12.25

நல்ல அடி. இதை மறுக்க மாட்டேன், விளக்க மட்டும் செய்றேன்.

லவெல் மாதிரி இடதுகாலால் வேகமாகத் திரும்பி நடுவில் ஓடுகிறவரை நிறுத்த ரெண்டு வழி. ஒன்று, அவர் திரும்புவதற்கு முன்பே முதுகில் ஒட்டுவது. ரெண்டு, திரும்பின பிறகு நடுக்கோட்டருகே சட்டையைப் பிடிப்பது. ரெண்டாவது தப்புதான், ஆனால் ஆட்டத்தில் நடக்கிற தப்பு. மஞ்சள் அட்டையோடு முடியும், ஃப்ரீ கிக்கும் கோலுக்குத் தூரம். அந்த மஞ்சளை 10வது நிமிஷத்திலேயே செலவு பண்ணிட்டால் 69வது நிமிஷத்தில் சில்லறை இருக்காது. மாதச் சம்பளத்தை ஒண்ணாம் தேதியே கொடுத்த கதை.

ஆனால் அன்னைக்கு 60 நிமிஷம் வரை 0-0. கோல்கீப்பர் வான் வேனன்டால் ஒற்றை ஆளாகத் தடுத்ததால் என்று நீங்க சொல்வீங்க. சரிதான்.

கடைசிபெஞ்ச்
3 மார்ச் 2024, மாலை 6.45

இப்ப நானே உங்களுக்கு ஒரு பாயின்ட் எடுத்துக் கொடுக்கறேன். டோக்கியோ ஒலிம்பிக், 2021. முழங்கால் காயம், ஸ்பிட்ஸே போகல. நெதர்லாந்து ஜாம்பியாவை 10-3, பிரேசிலோட 3-3, சீனாவை 8-2. மூணே மேட்ச்ல 21 கோல்! அவங்க இல்லாமத்தான் ஆட்டம் பறந்துச்சு.

நடுவட்டம்
3 மார்ச் 2024, இரவு 9.30

21ஐப் பார்த்தீங்க, பக்கத்தில் இருக்கிற 8ஐப் பாருங்க. மூணு குரூப் ஆட்டத்தில் 8 கோல் வாங்கினாங்க. 2019 உலகக் கோப்பையில் ஃபைனல் உட்பட ஏழு ஆட்டம், வாங்கினது மொத்தம் 5: கேமரூன் 1, கனடா 1, ஜப்பான் 1, அமெரிக்கா 2. மற்ற மூணு ஆட்டத்தில் ஒண்ணுமில்லை. டோக்கியோவில் பின்வரிசைக்கு முன்னால் கதவே இல்லை. காலிறுதியில் அமெரிக்காவோடு 2-2, பெனால்டி ஷூட்டவுட்டில் 2-4.

அந்தக் காலிறுதியில் 81வது நிமிஷம் பெனால்டி கிடைத்தது. மார்டென்ஸ் அடித்தார், அமெரிக்கக் கோல்கீப்பர் நேயர் தடுத்தார். ஸ்பிட்ஸே இருந்திருந்தால்...

நடுவட்டம்
3 மார்ச் 2024, இரவு 9.48

கடைசி வரியைத் திரும்ப வாங்கிக்கிறேன். 2019ல் ஜப்பானுக்கு எதிராக 90வது நிமிஷப் பெனால்டியை அடித்ததும் மார்டென்ஸ்தான். அதனால் 'ஸ்பிட்ஸே இருந்தால் அவர்தான் அடித்திருப்பார்' என்பது என் ஆசை, ஆதாரம் இல்லை. 8 கோல் வாதத்தையும் பாதி விலைக்கே எடுத்துக்குங்க. நிறைய கோல் முன்னால் இருக்கிற அணி தடுப்பைத் தளர்த்தத்தான் செய்யும். பிரேசிலோடு 3-3 மட்டும்தான் நியாயமான சாட்சி.

ஆஃப்சைடு அம்மணி
4 மார்ச் 2024, காலை 10.05

சம்பந்தமில்லாத ஒன்று. 'ஸ்பிட்ஸ்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது நாய் வகை. கடைசியில் ஒரு மெல்லிய உயிர் ஒலி உண்டு, ஸ்பிட்ஸெ அல்லது ஸ்பிட்ஸே. க்ரோனென் என்று எழுதுவதும் தவறு. டச்சில் ஓ-வும் ஈ-யும் சேர்ந்து வந்தால் ஊ. ஆகவே க்ரூனன்.

கடைசிபெஞ்ச்
4 மார்ச் 2024, காலை 10.11

நாய்க்கும் வேகம் இருக்கே அம்மணி.

நடுவட்டம்
4 மார்ச் 2024, இரவு 7.20

சிரிச்சுட்டேன். இருந்தாலும் வேக விஷயத்துக்கு வரேன், அதுதான் உங்கள் கேள்வியின் உண்மையான பாதி.

32-33 வயதில் மிட்ஃபீல்டருக்கு முதலில் போவது உச்ச வேகம் இல்லை. நின்ற இடத்திலிருந்து முதல் அஞ்சு மீட்டர். நடுக்களத்தில் எல்லாமே அந்த அஞ்சு மீட்டர்தான். அதனால் பல பயிற்சியாளர்கள் இப்படிப்பட்டவரைப் பின்வரிசைக்கு இறக்குவார்கள். அங்கே ஆட்டம் முன்னால் தெரியும், முதுகுப் பக்கம் பார்க்கவேண்டிய தேவை குறையும், காலுக்குப் பந்து வரும்போது நேரமும் கிடைக்கும். 2023 உலகக் கோப்பையில் யோங்கர் செய்தது இதுதான். மூவர் பின்வரிசை, அதில் ஒருவர் ஸ்பிட்ஸே. பக்கத்தில் வான் டெர் க்ராக்ட் இருப்பதால் மல்லுக்கட்டும் வேலை அவருக்கு. இவருக்குப் பந்தை வெளியே எடுக்கும் வேலை. மேலே பெலோவாவும் ப்ரூக்ட்ஸும் ரெண்டு ஓரத்திலும். நீளப் பந்துக்கு அதே பழைய கால்.

கார்னரும் அவரிடமே இருந்தது. போர்ச்சுகலுக்கு எதிராக 13வது நிமிஷம், ஸ்பிட்ஸே கார்னர், வான் டெர் க்ராக்ட் தலை, 1-0, அதோடு ஆட்டம் முடிஞ்சது. இத்தாலிக்கு எதிராக 2019ல் நடந்த அதே ஜோடி, நாலு வருஷம் கழித்து.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல், யாரும் அதிகம் பேசாதது: சென்டர் பேக்கே கார்னர் எடுக்கப் போனால், கார்னர் வீணாகி எதிரணி ஓடத் தொடங்கும்போது பின்வரிசையில் ஒரு ஆள் மைதானத்தின் மறுமூலையில் கொடிக்கம்பத்தடியில் நிற்பார். அவர் திரும்பி வர 70-80 மீட்டர். வேகமான ஆளுக்கே கஷ்டம். அதனால் யாராவது ஒரு மிட்ஃபீல்டர் அந்த இடத்தில் முன்கூட்டியே தங்கணும், முட்டப் போகிறவர்களில் ஒருத்தர் குறைவார். அந்தக் கணக்கில் லாபம் வருகிறவரை ஸ்பிட்ஸே அணியில் இருப்பார். வராத நாளில் உங்கள் கேள்வி சரியாகிவிடும்.

காலிறுதியில் ஸ்பெயின் 2-1, கூடுதல் நேரத்தில், 111வது நிமிஷம் பராலுவேலோ. 19 வயசு, ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தவர். எந்த ஏற்பாட்டுக்கும் அந்த வேகம் ஒரு கேள்விதான்.

நடுவட்டம்
28 மார்ச் 2024, காலை 8.00

சாம்பியன்ஸ் லீக் காலிறுதி முடிஞ்சது. முதல் ஆட்டம் ஆம்ஸ்டர்டாமில் செல்சிக்கு 3-0, நேற்று லண்டனில் 1-1. குரூப்பில் பிஎஸ்ஜியோடு மேலே வந்து, பயர்னையும் ரோமாவையும் வெளியே அனுப்பின அயாக்ஸ். கேப்டன் ஸ்பிட்ஸே. டச்சு லீகிலிருந்து வந்த அணி இவ்வளவு தூரம் வருவது சாதாரணம் இல்லை. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் அந்த 3-0ஐப் பார்த்தால் மேலே நான் சொன்ன முதல் அஞ்சு மீட்டர் வித்தியாசம் பதினோரு பேருக்கும் இருந்தது. ஒருத்தர் தலையில் கட்டாதீங்க.

கடைசிபெஞ்ச்
14 ஜூலை 2025, காலை 6.30

தூசி தட்டி எடுக்கறேன். ஐரோப்பியக் கோப்பை, ஸ்விட்சர்லாந்து. வேல்ஸை 3-0. இங்கிலாந்துகிட்ட 0-4. நேத்து பாஸல்ல பிரான்ஸ்கிட்ட 2-5. குரூப்லயே வெளியே. கேப்டன் ஸ்பிட்ஸே, 35 வயசு. 'லாபம் வராத நாள்'னு சொன்னீங்களே, அது வந்தாச்சா?

நடுவட்டம்
14 ஜூலை 2025, இரவு 10.15

வந்தாச்சு என்றுதான் நினைக்கிறேன். குரூப்பிலேயே வெளியே போனது 2013க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அப்போ மூணு ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடலை. இப்போ அஞ்சு போட்டு ஒன்பது வாங்கினாங்க. நேத்து இடைவேளையில் 2-1 முன்னிலை, அப்புறம் 61, 64, 67. ஏழு நிமிஷத்துக்குள் மூணு கோல். கட்டோட்டோ ஒண்ணு, காஸ்கரினோ ரெண்டு. எல்லாம் ஓட்டம்.

ஆனால் உங்கள் தலைப்பு 'ஏன் இத்தனை வருஷம்' என்பது. கடைசி வருஷத்துக்கு உங்கள் பக்கம் தீர்ப்பு, மீதிக்கு என் பக்கம். 2006 ஆகஸ்ட் 31, இங்கிலாந்தில் 0-4 தோற்ற ஆட்டத்தில் 16 வயசில் இறங்கினவர். இந்த மாதம் ஸூரிக்கில் அதே இங்கிலாந்து, அதே 0-4. நடுவில் 240 ஆட்டங்களுக்கு மேல். ஐரோப்பாவில் அதிகம் என்று இருந்த ஸ்வீடனின் ஸேகரைத் தாண்டியாச்சு. அவருக்கு முன்னால் நெதர்லாந்தில் அதிகம் ஆடியிருந்த கீசலுக்கு 156.

ஆஃப்சைடு அம்மணி
15 ஜூலை 2025, காலை 9.00

கட்டோட்டோ அல்ல, கட்டோட்டொ.

நடுவட்டம்
15 ஜூலை 2025, காலை 9.04

திருத்த மாட்டேன்.

கடைசிபெஞ்ச்
15 ஜூலை 2025, காலை 9.31

சரி, ஒரே கேள்வி. அடுத்த மேட்ச்ல கார்னர் யாரு எடுக்கறது?

நடுவட்டம்
15 ஜூலை 2025, இரவு 8.50

பத்து நிமிஷமா வரிசையை எழுதி எழுதி அழிக்கிறேன். வலதுகால் வேணும், தட்டையா அடிக்கணும், முதல் தடுப்பாளர் தலையை ஒரு சாண் தாண்டணும். ஓரத்தில் விளையாடுகிறவரை அனுப்பினால் பெட்டிக்குள் ஒரு ஆள் குறைவு. பெலோவாவை அனுப்பினால் தள்ளிவிட்ட பந்தை விளிம்பில் நின்று பொறுக்க ஆள் இல்லை. வான் டெர் க்ராக்டும் 2023லேயே விளையாட்டை விட்டாச்சு, அதனால் யார் எடுத்தாலும் முட்டுகிற தலையையும் புதுசாத் தேடணும்.